இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றிய ஈறு வீக்கம்: தில்லைநகர் ஈறு சிகிச்சை மையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

திருச்சி தில்லைநகரில் ஈறு நோய்களுக்கென்றே தனியாக நடத்தப்படும் ஒரு சிறிய மையத்தில் 2024 ஜூன் முதல் நான் பெற்றுவரும் சிகிச்சையைப் பற்றியது இந்த மதிப்புரை. மையத்தின் பெயரை எழுதவில்லை. எனக்கு முதலில் பல் பொருத்திய மருத்துவமனையும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதை அடையாளம் காண்பது எளிது, அதை நான் விரும்பவில்லை. இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகைப் பதித்து அதன்மேல் வைக்கும் செயற்கைப் பல்) பொருத்திக்கொண்டு, பல் உறுதியாக இருந்தும் அதைச் சுற்றியுள்ள ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போதெல்லாம் இரத்தம் வருகிறவர்களுக்கு இது பயன்படும். நான் நெடுஞ்சாலைத் துறையில் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை; இந்த மையத்தை நான் மதிப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

கீழ்த்தாடையின் வலப்புறக் கடைவாய்ப்பல் ஒன்றை 2019-இல் எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் 2020 ஜனவரியில் டைட்டானியம் திருகைப் பதித்தார்கள். மூன்று மாதத்தில் மாட்ட வேண்டிய கேப் (திருகின்மேல் பொருந்தும் பல் உறை), ஊரடங்கு காரணமாக ஆகஸ்டில்தான் மாட்டப்பட்டது. மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. 2023-இன் இறுதியில் அந்தப் பல்லின் நாக்குப் பக்கத்து ஈறு தடித்து, காலையில் எழும்போது வாயில் ஒரு துருச்சுவை தெரியத் தொடங்கியது. பொருத்திய இடத்துக்கே போனேன். வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐந்து நாளுக்கு அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடி அதே மாத்திரைகள், மறுபடி அதே கதை. மூன்றாம் முறை, இம்ப்ளான்ட்டையே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்கலாம் என்ற பேச்சு வந்தது. எடுக்கச் சொல்லும் முன் எதையாவது அளந்தார்களா என்றால், இல்லை. ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வெடிப்பு தெரிகிறது என்பதற்காக அதன் அகலத்தைக்கூட அளக்காமல் பாலத்தையே இடிக்கச் சொல்லும் பொறியாளரை என் முப்பத்தொரு வருடப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

இந்த மையத்தில் முதல் சந்திப்பு ஐம்பது நிமிடம் நீடித்தது. சிகிச்சை என்று அன்று எதுவும் நடக்கவில்லை. முழுவதும் விசாரணையும் அளவெடுப்பும்தான். சர்க்கரை நோய் உண்டா, புகைப்பழக்கம் உண்டா, இயற்கைப் பற்கள் எதனால் விழுந்தன, எந்தப் பக்கமாக மெல்லுகிறேன், எந்தத் தூரிகையால் எப்படித் துலக்குகிறேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு, பிளாஸ்டிக்கால் ஆன, மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய அளவுகோல் ஒன்றை இம்ப்ளான்ட்டுக்கும் ஈறுக்கும் இடையே மிக மெதுவாகச் செலுத்தி ஆறு இடங்களில் ஆழம் பார்த்தார் மருத்துவர். ஏறத்தாழ 0.25 நியூட்டன் விசைக்கு மேல் அழுத்தக் கூடாது, அழுத்தினால் நலமான ஈறும் இரத்தம் கசியும் என்று அவரே விளக்கினார். கன்னப் பக்கத்தில் 5, 4, 5. நாக்குப் பக்கத்தில் 6, 5, 6. ஆறில் ஐந்து இடங்களில் இரத்தம். பக்கத்து இயற்கைப் பல்லில் எங்குமே மூன்றுக்கு மேல் இல்லை. உதவியாளர் எண்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டே வந்தார். அந்தத் தாளின் படியை நான் கேட்பதற்கு முன்பே என் கையில் கொடுத்தார்கள்.

ஆழத்தை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் அன்று நான் கற்றுக்கொண்ட முதல் செய்தி. இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறு சிலருக்கு இயல்பிலேயே தடிப்பாக இருக்கும். அவர்களுக்கு ஐந்து மில்லிமீட்டர்கூட நோயின் அடையாளம் ஆகாது. ஆகவே இரத்தக் கசிவு இருக்கிறதா, முன்பு இருந்ததைவிட ஆழம் கூடியிருக்கிறதா, அடியிலுள்ள எலும்பு இறங்கியிருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேப் மாட்டிய காலத்தில் என் ஈறின் ஆழத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. நல்ல வேளையாக, அன்று எடுத்த சிறிய எக்ஸ்ரே என் பழைய கோப்பில் கிடந்தது. அதே கோணத்தில் புதிதாக ஒரு படம் எடுத்து இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். எலும்பின் விளிம்பு, திருகின் முதல் மரைக்கு மேலே, 2020-இல் நின்ற இடத்திலேயே நின்றது.

எலும்பு இறங்காமல் ஈறு மட்டும் அழன்றிருக்கும் இந்த நிலைக்குப் பெரி-இம்ப்ளான்ட் மியூக்கோசைட்டிஸ் என்று பெயர். எலும்பும் கரையத் தொடங்கிவிட்டால் அது பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் 2017-இல் சிகாகோவில் கூடி ஈறு நோய்களின் வகைப்பாட்டைத் திருத்தியபோது இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழித்தன. அந்த அறிக்கைகள் 2018-இல் வெளிவந்தன. பழைய எக்ஸ்ரே கையில் இல்லாதவர்களுக்கும் அதில் வழி சொல்லியிருக்கிறார்கள்: இரத்தக் கசிவோடு ஆழம் 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்து, எலும்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் இரண்டாவது வகை என்று கொள்ள வேண்டும். இந்தக் கோடு வெறும் பெயர்ச் சண்டை அன்று. முதல் வகையைச் சுத்தம் செய்தே பெரும்பாலும் அடக்கிவிடலாம். இரண்டாவதற்குச் சுத்தம் செய்வது போதாமல் ஈறைத் திறந்து அறுவை செய்ய வேண்டி வருவது வழக்கம், அப்போதும் போன எலும்பு முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை இரண்டு எக்ஸ்ரேக்களும் ஓர் அளவுகோலும் சொல்லிவிட்டன. அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் நான் விழுங்கிய மாத்திரைகள் அதைச் சொல்லவில்லை.

இயற்கைப் பல்லைச் சுற்றிய ஈறு வீங்காமல் இம்ப்ளான்ட்டைச் சுற்றியது மட்டும் ஏன் வீங்குகிறது என்று கேட்டேன். மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கோடு கொஞ்சம் கோணல் என்றாலும் பொருள் விளங்கியது. இயற்கைப் பல்லின் வேர்மேல் சிமென்டம் என்றொரு படலம் இருக்கிறது. ஈறின் நார்கள் அதற்குள் குறுக்காக ஊன்றிப் பிடித்திருக்கின்றன. டைட்டானியத்தில் அப்படி ஊன்ற இடமில்லை. நார்கள் அதன் பக்கவாட்டில் இணையாகவும் அதைச் சுற்றியும் ஓடுகின்றன, அவ்வளவே. என் தொழில் மொழியில் சொன்னால், ஒன்று தூணுக்குள் கம்பி பதித்துக் கட்டிய தளம். மற்றது தூணைச் சுற்றி மாட்டிய வளையம். பல்லுக்கும் எலும்புக்கும் இடையே இருக்கும் தசைநார்ப் படலமும் இங்கே இல்லாததால், அதன் வழியாக ஈறுக்கு வரும் இரத்த ஓட்டமும் இல்லை. பற்காரையில் வாழும் கிருமிகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தடுப்புச் சுவர்தான் ஓரிடத்தில் மெலிந்தது. டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதைக் கண்டறிந்து, 1965-இல் சுவீடனின் கோத்தன்பர்கில் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்த பெர்-இங்வார் பிரோனமார்க் ஓர் உடற்கூறியல் ஆய்வாளர். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த இம்ப்ளான்ட்டுகளோடு வாழ்ந்தார். ‘வாழ்நாள் பல்’ என்று நம் ஊர் விளம்பரத் தட்டிகளில் எழுதுவதற்கு அந்த எலும்புப் பிடிப்பு ஆதாரமாகலாம். ஈறைப் பற்றித் தட்டியில் ஒரு வரியும் இருப்பதில்லை.

இனி நடந்த சிகிச்சைக்கு வருகிறேன். எலும்பு நலமாக இருந்தும் நாக்குப் பக்கத்தில் ஆழம் அதிகமாக இருப்பதைக் கண்ட மருத்துவர், கேப்பை ஒட்டுவதற்குப் பயன்படுத்திய சிமென்ட் ஈறுக்கு அடியில் வழிந்து தங்கியிருக்கலாம் என்று சந்தேகித்தார். இந்தப் பசைச் சிமென்டுக்கும் மேலே சொன்ன சிமென்டத்துக்கும் தொடர்பில்லை. கேப்பை அழுத்தி உட்கார வைக்கும்போது மிகுதியான பசை விளிம்பில் பிதுங்கும். மேலே தெரிவதைத் துடைத்துவிடுவார்கள். ஈறுக்குக் கீழே போனது கல்லாக இறுகி, சொரசொரப்பான அதன் மேல் காரை படிந்துகொண்டே இருக்கும். சில வகைச் சிமென்ட் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், சில வகை தெரியாது. தெரிந்தாலும் கன்னப் பக்கத்திலோ நாக்குப் பக்கத்திலோ இருந்தால் இம்ப்ளான்ட்டின் நிழலிலேயே மறைந்துவிடும். எனவே படத்தில் இல்லை என்பதால் வாயில் இல்லை என்று பொருளாகாது. இதை உறுதி செய்யக் கேப்பைக் கழற்ற வேண்டும் என்றார்.

இங்கேதான் ஒரு தடை வந்தது. கேப்புக்கு அடியிலுள்ள இணைப்புத் துண்டைத் திருகிக் கழற்றுவதற்கான கருவி ஒவ்வொரு நிறுவனத்தின் இம்ப்ளான்ட்டுக்கும் வேறுபடும். என் தாடைக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள், எந்த விட்டம், எந்த நீளம் என்பது எனக்குத் தெரியாது. பொருத்தியபோது எனக்கு எந்த அட்டையும் தரப்படவில்லை. கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. இரு சக்கர வாகனத்துக்குக்கூட எஞ்சின் எண் எழுதிய சீட்டு கையில் இருக்கிறது, தாடைக்குள் இருப்பதற்கு இல்லை. பழைய மருத்துவமனைக்கு இரண்டு முறை நடந்து, கோப்பில் ஒட்டியிருந்த உறையின் ஒட்டுச்சீட்டை ஒளிப்படம் எடுத்து வந்து கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. இதைப் படிக்கிறவர்களில் யாராவது நாளை இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால், பணம் கட்டும் அன்றே அந்தச் சீட்டின் படியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை முதல் வாரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, கேப்பின் மெல்லும் பரப்பில், இணைப்புத் துண்டைப் பிடித்திருக்கும் சிறு திருகுக்கு நேர் மேலே ஒரு சிறிய துளை இட்டார்கள். துளை வழியாகத் திருகைத் தளர்த்தியதும் கேப்பும் இணைப்புத் துண்டும் ஒட்டிய நிலையிலேயே ஒன்றாக வெளியே வந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, நாக்குப் பக்கத்து விளிம்புக்குக் கீழே, நகக் கீற்றளவு அகலத்தில் மஞ்சளித்த வெள்ளைப் படிவம். நான்கு ஆண்டுகளாக அது அங்கே இருந்திருக்கிறது. அதை வெளியே வைத்தே சுரண்டி, வழவழப்பாக்கினார்கள். ஈறின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த துணுக்குகளை டைட்டானியத்தால் ஆன சுரண்டிக் கருவியால் எடுத்தார்கள். இயற்கைப் பல்லுக்குப் பயன்படுத்தும் எஃகுக் கருவியால் இம்ப்ளான்ட்டைச் சுரண்டினால் கீறல் விழும், கீறலில் மறுபடி காரை பிடிக்கும் என்பது காரணம். கடைசியாக எரித்ரிட்டால் என்ற மிக நுண்ணிய தூளைக் காற்றோடும் நீரோடும் கலந்து பீய்ச்சிக் கழுவினார்கள். வலி இல்லை, ஆனால் அந்த ஓசையும், தொண்டைவரை போகும் குளிர்ச்சியும் இனிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு விசை அளக்கும் திருப்பியைக் கொண்டு அந்த நிறுவனம் குறித்த அளவுக்குத் திருகை முறுக்கி, துளைக்குள் டெஃப்லான் நாடாவைத் திணித்து, மேலே பல் நிறப் பூச்சால் மூடினார்கள். இனி எப்போது வேண்டுமானாலும் அந்தப் பூச்சை எடுத்துவிட்டுக் கேப்பைக் கழற்றலாம். ஒட்டிய கேப் இப்படியாகத் திருகிய கேப் ஆகிவிட்டது.

மாத்திரை எதுவும் எழுதவில்லை. எனக்கே சற்று ஐயமாக இருந்தது, ‘ஆன்டிபயாட்டிக் வேண்டாமா?’ என்று கேட்டேன். ‘அழுக்கு அங்கேயே இருக்கும்போது மாத்திரை சாப்பிட்டால் வீக்கம் வடியும், திரும்ப வரும், அழுக்கை எடுத்த பிறகு மாத்திரைக்கு வேலையே இல்லை சார்’ என்றார். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2023-இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறைகளும் இந்த வகை ஈறு அழற்சிக்கு உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே சொல்கின்றன. லேசர் சிகிச்சையைப் பற்றிக் கேட்டபோதும், என் நிலைமைக்குச் சுரண்டிச் சுத்தம் செய்வதைவிட அது கூடுதலாக எதையும் தராது என்று நேராகச் சொன்னார். காத்திருப்புக் கூடத்திலோ ‘வலியில்லா லேசர் ஈறு சிகிச்சை’ என்று ஆளுயரத்துக்கு ஒரு சுவரொட்டி தொங்குகிறது. மருத்துவர் உள்ளே சொல்வதும் சுவரொட்டி வெளியே சொல்வதும் ஒத்துப்போகாததை யாராவது அவர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தால் நல்லது. நான் கொண்டுவந்தேன், சுவரொட்டி இன்னும் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மட்டும் 0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். பற்பசையால் துலக்கிய உடனே கொப்பளித்தால் பசையிலுள்ள நுரைப்பொருள் மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் அரை மணி நேர இடைவெளி விட வேண்டும். பத்தாம் நாளில் முன்பற்களின் இடுக்கில் பழுப்புக் கறை விழுந்தது, சாம்பாரின் உப்பு நாக்குக்குத் தெரியவில்லை. இரண்டும் தற்காலிகமானவை என்று முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் பதறவில்லை. கறையைப் போக்க மட்டும் பின்னர் ஒருமுறை மெருகூட்ட வேண்டியிருந்தது.

இதைவிட நீண்ட வேலை, துலக்கக் கற்றுக்கொண்டதுதான். அறுபத்து நான்கு வயதில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பல் துலக்கப் பழகுவது சற்றுக் கூச்சமான காரியம். பல் இடுக்குத் தூரிகையின் நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்க வேண்டும், வெறும் உலோகக் கம்பி இம்ப்ளான்ட்டைக் கீறும். இடுக்குக்கு ஏற்ற பருமனை அவர்களே மூன்றைச் செருகிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நானாகக் கடையில் வாங்கியது மிக மெலிதாக, எதையும் தொடாமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. இதோடு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (HbA1c) பார்த்துவரச் சொன்னார்கள், 7.8 விழுக்காடு இருந்தது. சர்க்கரை கட்டுப்படாமல் ஈறு ஆறுவதை எதிர்பார்க்க வேண்டாம் என்று குடும்ப மருத்துவருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள். பல் மருத்துவமனையிலிருந்து பொது மருத்துவருக்குக் கடிதம் போவதை நான் முதல்முறை பார்த்தேன்.

செப்டம்பர் இறுதியில் மீண்டும் அளந்தார்கள். கன்னப் பக்கம் 3, 3, 3; நாக்குப் பக்கம் 4, 3, 4; ஓர் இடத்தில் மட்டும் புள்ளியாக இரத்தம். துருச்சுவை ஆகஸ்டிலேயே போய்விட்டது. கன்னப் பக்கத்தில் கெட்டியான, அசையாத ஈறு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் துலக்கும்போது எரிகிறது என்றும், தேவைப்பட்டால் மேலண்ணத்திலிருந்து சிறிது ஈறை எடுத்து அங்கே ஒட்டலாம் என்றும் சொன்னார்கள். உடனே செய்ய வேண்டுமா என்றதற்கு, மென்மையான தூரிகையால் எரிச்சல் இல்லாமல் துலக்க முடிகிறதா என்று ஆறு மாதம் பாருங்கள், முடிந்தால் வேண்டாம் என்றார்கள். முடிந்தது, ஒட்டவில்லை. வருமானம் தரும் ஓர் அறுவையைத் தள்ளிவைத்ததை நான் குறித்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. மையம் முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட்டின்மேல் மாட்டிக் கழற்றும் பல்செட்டோடு லால்குடியிலிருந்து வந்த ஓர் அம்மாள், பல்செட்டின் அடியில் ஈறு காளான்போல் வளர்ந்து உறுத்துவதால் வாரம் ஒருமுறை அந்தப் படிகளை ஏறிக்கொண்டிருந்தார். குறித்த நேரத்தில் யாரையும் அழைப்பதில்லை; ஒருமுறை ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல வரவேற்பில் உள்ள பெண்ணுக்கு நேரமிருப்பதில்லை. ரசீதில் ‘சிகிச்சை’ என்று ஒரே வரி. எதற்கு எவ்வளவு என்று இரண்டாம் முறை கேட்ட பிறகே பிரித்து எழுதினார்கள். முதல் ஆலோசனைக்கு 500 ரூபாய், எக்ஸ்ரேக்கு 300, கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதற்கு 6,500, அதன் பிறகு ஒவ்வொரு பராமரிப்பு வருகைக்கும் 1,800. புதிய இம்ப்ளான்ட்டுக்குக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிது. வருடத்துக்கு இரண்டு முறை இந்த 1,800 தொடரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தந்திருக்கலாம்.

கடந்த மாதம் மூன்றாவது பராமரிப்பு வருகை முடிந்தது. எண்கள் மாறவில்லை, இரத்தம் எங்கும் இல்லை, மூன்று மாதச் சர்க்கரை 6.9. அடுத்த எக்ஸ்ரேயை வரும் ஜூனில் எடுக்க வேண்டும். மையத்தில் என் கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் 2020-இன் பழைய படத்தை நான் கையோடு கொண்டுபோய், பார்த்ததும் திரும்ப வாங்கி வந்துவிடுகிறேன்.